பதிமூன்றாவது வண்டி

அந்தக் கட்டடக் கம்பெனியில் மூன்று பேர் கணக்குப் போட்டார்கள், மூன்று பேரும் பொய் சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. நல்ல மனசோடு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், கொஞ்சம் கூட்டிச் சொன்ன பொய். கான்கிரீட் விஷயத்தில் அப்படித்தான் நடக்கும். மிஞ்சினால் திட்டோடு போய்விடும், பத்தாமல் போனால் மானமே போய்விடும் என்று பயந்தவர்கள் கூட்டத்தான் செய்வார்கள்.

முதல் பொய் முதலாளியின் மருமகளுடையது. வரைபடத்தை மேஜையில் விரித்து, நீளத்தை அகலத்தால் பெருக்கி, அதைக் கனத்தால் பெருக்கி, படிக்கட்டுக்கு விட்ட ஓட்டையைக் கழித்து, பீம்களைத் தனியாகக் கூட்டி, இத்தனை கன மீட்டர் என்று எழுதுவது அவள் வேலை. தளத்தின் கனம் பதினைந்து சென்டிமீட்டர் என்றால் அவள் பதினைந்தரை என்று வைத்துக்கொண்டு பெருக்குவாள். அந்த அரை சென்டிமீட்டரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாவது பொய் அவள் கணவனுடையது. ஆர்டர் தாளைத் தட்டச்சு செய்யும்போது மூன்று கன மீட்டரைச் சத்தமில்லாமல் சேர்த்துவிடுவான். மூன்றாவது, மாமனார். அவர் முதலாளி அல்லவா, தாளெல்லாம் பார்க்க மாட்டார். கான்கிரீட் கலந்து அனுப்புகிற ரெடிமிக்ஸ் பிளாண்டுக்குப் போன் போட்டு, "எதுக்கும் கூட ஒரு வண்டி கலந்து வைப்பா" என்பார். அடுப்பில் இருக்கிற சட்டிக்கு மூன்று பேர் உப்புப் போட்ட கதைதான்.

போன தளத்தில் குட்டு உடைந்தது. ஒன்றரை வண்டி மிஞ்சிவிட்டது. கான்கிரீட்டைத் திருப்பி அனுப்ப முடியாது, நாளைக்கு ஆகும் என்று எடுத்து வைக்கவும் முடியாது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் கொட்டிச் சமன் செய்தார்கள். அந்த மனிதர் கேட்காமலே கிடைத்த வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறபோதும் வருகிறபோதும் கும்பிடு வேறு போட்டார். மாமனார் அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கத்தினார்.

"கணக்குன்னா கணக்கா இருக்கணும்! இனிமே ஒரு சட்டி கூட வந்தா நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

மகனும் மருமகளும் குனிந்து சாப்பிட்டார்கள். மாமியார் மட்டும், "மிஞ்சினா என்ன, குறைஞ்சாதான் தப்பு" என்றாள். அவள் பேச்சை யார் கேட்டார்கள்?

இந்தத் தளம் டாக்டரம்மாவின் மருத்துவமனைக்கு. இருபத்து நான்கு மீட்டர் நீளம், பதினாறு மீட்டர் அகலம். மருமகளுக்கு இதுதான் கடைசித் தளம். அப்படித்தான் அவள் நம்பினாள்.

இதற்கு முன்னும் நம்பியிருக்கிறாள். கீழே அலுவலகம், மேலே வீடு என்றிருந்த அந்தக் கட்டடத்துக்குக் கல்யாணமாகி வந்து ஏழு வருஷம். மாடிப்படி இறங்கினால் வேலை, ஏறினால் சமையல். மாமனார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை விடக் "கணக்கு" என்று கூப்பிட்டதுதான் அதிகம். குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது, "கணக்கு, அந்தத் தூணுக்கு எவ்வளவும்மா வரும்?" என்று கதவுக்கு வெளியிலிருந்து குரல் வரும். சுரம் வந்து படுத்திருந்த நாளில் வரைபடத்தைக் கட்டிலுக்கே கொண்டுவந்து விரித்தார். கொடுமைக்காரர் இல்லை. மருமகளைத் தூக்கி வைத்துத்தான் பேசுவார். தூக்கி வைத்தவர் இறக்கி விட மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

இந்த ஏழு வருஷத்தில் அவளுக்கு மூன்று வேலைகள் வந்தன. மூன்றுக்கும் குறுக்கே ஒரு தளம் கிடந்தது. "இந்தத் தளம் போட்டு முடியட்டும்மா, அப்புறம் யாரு உன்னைத் தடுக்கப் போறா?" என்பார் மாமனார். தளம் முடிவதற்குள் வேலை போய்விடும். இப்போது வந்திருப்பது நாலாவது. பஸ்ஸில் மூன்று மணி நேரம் தள்ளி ஓர் ஊர், பாலமும் அணையும் கட்டுகிற பெரிய கம்பெனி, அளவுப் பிரிவில் இடம். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் செய்வார்கள். வருகிறேன் என்றால் திங்கட்கிழமை சேர வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். கணவன், "போ, நானும் பின்னாடியே வர்றேன்" என்று சொல்லியிருந்தான். அதைச் சொல்லும்போது அவன் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அவளைப் பார்க்கவில்லை.

காலை ஏழரைக்கு அவள் சைட்டுக்குப் போனபோது ஆர்டர் தாள் பம்ப்புக்காரர் கையில் இருந்தது. எட்டிப் பார்த்தாள். எழுபத்திரண்டு கன மீட்டர், பன்னிரண்டு வண்டி.

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் கணக்கு எழுபத்தொன்று சொச்சம். இந்த முறை பதினைந்தரை வைக்கவில்லை, பதினைந்தே வைத்திருந்தாள். திட்டு வாங்கியவள் அவள்தானே. வழக்கமாகக் கணவன் சேர்க்கிற மூன்றையும் காணோம். அடியில் தாங்குகிற சென்ட்ரிங் பலகை பாரத்தில் கொஞ்சம் தொய்யும், அங்கே கான்கிரீட்டைக் கூடுதலாகக் குடிக்கும். பம்ப் குழாயில் முக்கால் கன மீட்டர் தங்கிவிடும். இதற்கெல்லாம் தாளில் இடமே இல்லை.

'மாமா போன்ல ஒரு வண்டி சொல்லியிருப்பார்' என்று நினைத்தாள். கேட்டிருக்கலாம். கேட்டால், நீ எவ்வளவு வைத்தாய் என்று பேச்சு வரும், ஏழு வருஷத்து அரை சென்டிமீட்டர் வெளியே வரும், அப்புறம் உட்காரு, இன்னொரு தரம் போட்டுப் பார்க்கலாம் என்பார். அது ஒரு காரணம். இன்னொன்றையும் மறைப்பதில் பயனில்லை. 'எனக்கென்ன வந்தது, ஒரு நாளாவது அவங்களே பாத்துக்கட்டும்' என்று அவளுக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை அவள் அடக்கவில்லை.

எட்டு மணிக்கு முதல் வண்டி வந்தது. நாற்பது நிமிஷத்துக்கு ஒன்றாக மற்றவை வந்தன. பம்ப் உறுமியது, குழாய் உதறியது, இருபது பேர் கம்பி மேல் நின்று கான்கிரீட்டை இழுத்துப் பரப்பினார்கள். மாமனார் கீழே குடையைப் பிடித்துக்கொண்டு குட்டி போட்ட பூனையாக நடந்தார். கணவன் வண்டிச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டான். எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத்தான் தெரிந்தது.

இரண்டு மணிக்குப் பத்தாவது வண்டி காலியாகிக்கொண்டிருந்தபோது அவள் டேப்பை எடுத்துக்கொண்டு, கம்பி மேல் போட்டிருந்த நடைபலகை வழியாகக் கோடி மூலைக்குப் போனாள். இன்னும் நிரப்ப வேண்டிய இடத்தை அளந்தாள். நாலு மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை முழுக்க வெறும் கம்பியாகக் கிடந்தது. மனசிலேயே போட்டாள். பதினாலரை வேண்டும், வரப்போவது பன்னிரண்டு. திரும்ப அளந்தாள். டேப் மாறவில்லை.

கணவனுக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, ரெண்டரை குறையுது."

"குறையாது. அப்பா ஒரு வண்டி கூடச் சொல்லியிருப்பாரு."

"நீங்க வழக்கமா சேப்பீங்கல்ல, அது எங்க?"

"உனக்கு அது தெரியுமா?"

"அத விடுங்க. மாமாகிட்ட கேளுங்க."

"நீ கேளேன்."

"நீங்க கேளுங்க, உங்க அப்பாதானே!"

அவன் கேட்கவில்லை. கேட்டால் தான் சேர்க்காததைச் சொல்ல வேண்டி வரும். பதினொன்றாவது வண்டி வந்து பின்பக்கமாக நுழைவதைப் பார்த்துக்கொண்டு, தானாகவே பதிமூன்றாவதும் வரும் என்று நின்றான். ஆண்பிள்ளைகளின் தைரியம் சில இடங்களில் இப்படித்தான் இருக்கும். அரை மணி நேரம் போயிற்று. அவளே மாமனாருக்குப் போன் செய்தாள்.

"மாமா, பதிமூணாவது வண்டி சொல்லியிருக்கீங்கல்ல?"

"நானா? நான் எதுக்கு சொல்லணும்? இனிமே கூட்டக் கூடாதுன்னு நான்தானே சொன்னேன்."

"அப்ப பத்தாது மாமா."

"எப்படிப் பத்தாது? அவன் மூணு சேத்திருப்பான். நீ அரை சென்டிமீட்டர் வெச்சிருப்ப. ரெண்டும் சேந்தா எனக்கு எதுக்கும்மா இன்னொரு வண்டி?"

"அரை சென்டிமீட்டர் உங்களுக்குத் தெரியுமா?"

"ஏழு வருஷமா தெரியும். உன் கணக்கு சுத்தமா இருக்கறதவிட அந்த அரை சென்டிமீட்டர நம்பித்தான் நான் தூங்கறேன்."

"இந்தத் தடவ வெக்கல மாமா. அவரும் சேக்கல."

எதிர்முனையில் குடை மடங்குகிற சத்தம் கேட்டது. திருடத் தெரிந்த மூன்று பேரும் ஒரே நாளில் திருந்திவிட்டார்கள். அதுவும் மற்ற இரண்டு பேரும் திருந்த மாட்டார்கள் என்ற தைரியத்தில்.

மாமனார் பிளாண்டுக்குப் போன் போட்டார். நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை கனரக வண்டிகள் அந்தச் சாலையில் வரக் கூடாது. பிளாண்டிலிருந்து வர ஒரு மணி நேரம். இப்போது மணி இரண்டே முக்கால். அரை மணிக்கு முன்னால் சொல்லியிருந்தால் அனுப்பியிருப்போம், பன்னிரண்டு வண்டியோடு சரி என்று கலக்குகிற இயந்திரத்தைக் கழுவிவிட்டோம், இனி நாளைக் காலையில்தான் என்றார்கள். எட்டு மணிக்கு மேல் வருவதற்குள் போட்டது இறுகிவிடும். சைட்டில் கையால் கலக்கலாம் என்றால் மணலும் இல்லை, சிமெண்டும் இல்லை. பானையில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

மருமகள் மூலையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அவள் வந்த நடைபலகையை எடுத்துவிட்டிருந்தார்கள். பலகை கிடந்த இடத்தில் கான்கிரீட் பளபளவென்று பரவிக் கிடந்தது. இரண்டு பக்கம் ஈரக் கான்கிரீட், இரண்டு பக்கம் பதினைந்து அடிப் பள்ளம். நடுவில், காலுக்கு அடியில் கம்பி வலை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

மேஸ்திரி ஈரத்துக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார். "அம்மா, ஒண்ணு சொல்லவா? ஆறு அங்குலம் போடறத இந்த மூலைல நாலு அங்குலமா இழுத்துடலாம். மேல பூசிட்டா யாருக்குத் தெரியும்?"

"இந்த மூலைல என்ன வருதுன்னு தெரியுமா? எக்ஸ்ரே மிஷின்."

"இப்ப அதப் பாத்தா ஆகுமா? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?"

"வேண்டாம் மேஸ்திரி. நிறுத்திடுங்க."

கணவன் போனில் வந்தான். "கொஞ்சம் மெலிசா போட்டா என்ன? டாக்டரம்மா நாலரைக்கு வர்றாங்க. பாதில நின்னா அப்பா மூஞ்சிய எங்க வெச்சுப்பாரு?"

"இடிஞ்சா எங்க வெச்சுப்பாரு?"

அவன் வைத்துவிட்டான். அவள் நிறுத்தும் இடத்தைச் சொன்னாள். சுவரை ஒட்டி நிறுத்தக் கூடாது, பீம் மேலும் கூடாது. மூலை அறையின் நடுவுக்கு வந்து, நேர் கோட்டில், குறுக்கே பலகை வைத்துச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். ஓரத்தைச் சரிவாக விட்டால் நாளை போடுவது பிடிக்காது. மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே பலகையை வெட்டினார். கடைசி வண்டி மூன்றரைக்குக் காலியாயிற்று. பலகைக்கு இந்தப் பக்கம் வெறும் கம்பியும் அவளும் மிஞ்சினார்கள். இறங்குவதற்கு ஏணி வேண்டும். ஏணி கட்டடத்தின் அந்தக் கோடியில் இருந்தது, எல்லோரும் தளத்தின் மேற்பரப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மணியைப் பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாலரைக்கு டாக்டரம்மா வந்தார். காரை விட்டு இறங்கியதும் அண்ணாந்து பார்த்தார். மாமனாரும் கணவனும் பக்கத்தில் போய் நின்றார்கள். கீழே பேசுவது மேலே தெளிவாகக் கேட்டது.

"இந்த மூலை ஏன் நிக்குது?"

"கான்கிரீட் பத்தல டாக்டரம்மா. நாளைக்குக் காலைல போட்டுடுவோம்."

"பத்தலையா? உங்க மருமக கணக்குல ஒரு கரண்டி தப்பாதுன்னு சொன்னீங்களே. கணக்குல தப்பா?"

மருமகள் எழுந்து நின்றாள். இப்போது அவர் தன்னைக் காட்டிக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தாள். உள்ளுக்குள் அதை வேண்டிக்கொள்ளவே செய்தாள். நாலு பேர் முன்னால் திட்டட்டும், உன் கணக்கே வேண்டாம் போ என்று சொல்லட்டும். திட்டு வாங்கிக்கொண்டு போவது சுலபம்.

மாமனார் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அவ சரியாத்தான் போட்டா. நான்தான் குறைச்சு ஆர்டர் சொன்னேன். தப்பு என்னோடது."

நாற்பது வருஷமாகக் கட்டடம் கட்டுகிறவர். தப்பு என்னோடது என்று அவர் வாயிலிருந்து வந்ததை அவர் மனைவி கூடக் கேட்டதில்லை. மேஸ்திரி தேய்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். மாமனார் மேலே பார்த்து, அவளுக்கு மட்டும் புரிகிற மாதிரி லேசாகக் கையை அமர்த்தினார். பேசாம இரு, நான் பார்த்துக்கறேன் என்று அர்த்தம்.

இவ்வளவு பாசத்தை வாங்கிக்கொண்டு ஐந்து மணிக்கு அந்தப் போனில் எப்படி 'வருகிறேன்' என்று சொல்வது? தன் பேரைக் காப்பாற்ற ஊரறியப் பழியேற்றவரை விட்டுவிட்டுத் திங்கட்கிழமை பஸ் ஏறினால் அவள் மனுஷியா? யாரும் கதவைச் சாத்தவில்லை, பூட்டவில்லை. ஆனாலும் இதைவிடக் கெட்டியான பூட்டு இந்த ஏழு வருஷத்தில் அவளுக்கு விழுந்ததில்லை. இப்போது வாயைத் திறக்காவிட்டால் இனி எப்போதும் திறக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"இல்ல டாக்டரம்மா!" என்று மேலிருந்து கத்தினாள். "அவர் எனக்காகச் சொல்றார். கணக்கு என்னோடது. வழக்கமா கொஞ்சம் கூட வெப்பேன், இந்தத் தடவ வெக்கல. காலைல ஆர்டர் தாளப் பாத்தேன். பத்தாதுன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லல."

இருபது பேரும் அவளைப் பார்த்தார்கள். பம்ப்புக்காரர் குழாயைக் கழுவுவதை நிறுத்தினார். கணவன், "ஏய்" என்று பாதியில் விட்டான்.

டாக்டரம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"கோவம். வேற ஒண்ணும் இல்ல."

"ஒட்டுப் போடற எடம் ஒழுகுமா?"

"ஒழுங்கா செஞ்சா ஒழுகாது. ஓரத்தைக் கொத்தி, கழுவி, சிமெண்ட் பால் தடவிட்டுப் போடணும். மேஸ்திரிக்குத் தெரியும், அவர் செய்வார்."

'நான் நின்று பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. சொல்லவில்லை. டாக்டரம்மா தலையாட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டி எங்கே வருகிறது என்று கணவனிடம் கேட்டுக்கொண்டே உள்ளே போனார். அவருக்கு அது ஒரு மூலை, நாளைக்கு நிரம்பிவிடும்.

மாமனார் அங்கேயே நின்றார். கிழவருக்கு ஒரே நிமிஷத்தில் வயசு கூடின மாதிரி இருந்தது. "வாய மூடிட்டு இருந்திருந்தா போதுமேம்மா" என்றார், குரலை உயர்த்தாமல். பிறகு தண்ணீர்ப் பீப்பாய்ப் பக்கம் போய் முகத்தைக் கழுவினார். கழுவி முடித்தும் வெகு நேரம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் கொடுத்ததை இருபது பேர் முன்னால் அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அது அவருக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் கொடுத்தாள். தெரிந்ததால் அவளுக்கும் வலித்தது.

ஐந்து மணிக்குப் போன் வந்தது. கம்பி மேல் நின்றபடியே எடுத்தாள். எதிர்முனையில் ஒரு பெண் குரல் மரியாதையாகக் கேட்டது. "வர்றேங்க. திங்கட்கிழமை காலைல வந்துடறேன்" என்றாள்.

கீழே கணவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து சாத்தினான். அவள் இறங்குவதற்குள் மாமனார் ஏணியில் கால் வைத்தார். அவருக்குப் பின்னால் மேஸ்திரி டேப்போடு ஏறினார். மாமனார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு சிமெண்ட் பைக் காகிதத்தை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு குந்தினார்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வண்டி சொல்லணும். பிடிப்பா நுனிய, நானே கணக்குப் போட்டுக்கறேன்."

இந்த அறைக்கு எவ்வளவு வரும் என்று அவளிடம் கேட்கவில்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க மாட்டாரா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பாள். இப்போது கேட்க மாட்டாரா என்றிருந்தது. அவள் ஏணியின் முதல் படியில் காலை வைத்துத் திரும்பி இறங்கத் தொடங்கினாள்.

மாமனார் தளத்தை நீளம் அகலம் கனம் என்று அளந்து எழுதினார். அடுத்துப் பீமை அளந்தார். டேப்பைப் பீமின் அடியில் விட்டு, தளத்தின் மேல் மட்டம் வரை இழுத்து, "நாப்பத்தஞ்சு" என்று எழுதினார். அப்படி எழுதக் கூடாது. தளத்தின் பதினைந்தும் அதற்குள் வந்துவிட்டது, அது ஏற்கெனவே ஒரு தரம் எழுதியாயிற்று. பீமுக்கு முப்பதுதான் எழுத வேண்டும். இப்படிப் போட்டால் அளவு மிஞ்சும், ஆனால் ஒருநாளும் குறையாது.

"மாமா" என்றாள், தலை மட்டும் தள மட்டத்துக்கு மேலே தெரிய.

அவர் பேனா நின்றது. நிமிரவில்லை. ஆனால் காத்திருந்தார். மேஸ்திரி டேப்பின் நுனியைப் பிடித்தபடி இவர் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல மாமா" என்று சொல்லிவிட்டு, ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த படிக்கு இறங்கினாள்.